லோரிக்கும் பஞ்சவர்ணத்துக்கும் இடையே எத்தனை முழம்?

1.

இந்தக் கதை எனக்கு ரவிக்கைத் துணியோடு இலவச இணைப்பாக வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கிள்ளானில் எங்கள் துணிக்கடை. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யும் பஞ்சவர்ணம் ஒரு வியாழக்கிழமை வந்து ரவிக்கைத் துணி எடுத்தாள். விலை சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷ வாடிக்கையில் அவள் பேரம் பேசாமல் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை.

“என்னம்மா, உடம்புக்கு முடியலயா?”

“லோரி அடிக்கப் பார்த்துச்சு அண்ணே.”

அவளுக்குத் துணி மடிக்கும்போதே என் மூளை முதல் வரியை மடித்து வைத்துவிட்டது:

[அன்று மரணம் பதினெட்டுச் சக்கரங்களில் உருண்டு—]

வேண்டாம். துணிக்கடைக்காரன் மரணத்தைப் பற்றி எழுதினால் தள்ளுபடி அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

2.

நடந்தது இதுதான். பஞ்சவர்ணத்திடம் ஒரு கிழட்டு கப்சாய்* இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு முகூர்த்தத்துக்குப் போக, அலங்காரப் பெட்டியை முன்கூடையில் வைத்துக் கிளம்பியவள், மூணாங்கட்டை சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தாள். மிதி தரைவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை. முன்பிரேக் ஏற்கெனவே பேருக்குத்தான் இருந்தது. குறுக்கே துறைமுகத்துக் கொள்கலன் லோரி. இடப்பக்கப் புல்மேட்டில் வண்டியை ஏற்றிச் சாய்ந்தாள். லோரி ஊளையிட்டுக்கொண்டு போய்விட்டது. பெட்டி திறந்து பவுடர் முழுக்க அவள் முகத்தில். தூக்கிவிட ஓடி வந்தவர் இரண்டடி தள்ளியே நின்று, “ஆன்டி, உயிரோடதான் இருக்கீங்களா?” என்று கேட்டாராம்.

(*நம் ஊரில் பாதிப் பேரைச் சுமக்கும் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள். மீதிப் பேர் அதைத் திட்டிக்கொண்டே காரில் போகிறவர்கள்.)

3.

லோரி எவ்வளவு நெருக்கத்தில் போனது என்று கேட்டேன். “ஒரு கெஜம் இருக்கும் அண்ணே,” என்றாள்.

என் மனைவி அதைப் பக்கத்துக் கடையில் சொன்னபோது ஒரு முழம். பூக்கடைக்குப் போனபோது ஒரு சாண். மாலையில் எங்கள் கடைக்கே திரும்பி வந்தபோது ஒரு நூல். பேரத்தில் விலை இறங்கித்தான் பார்த்திருக்கிறேன். தூரமும் இறங்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கதைக்கு எது நல்லது? நூல்தான். ஆனால் நூல் என்று எழுதினால் அடுத்த வரியில் அது அறுந்தாக வேண்டும். அறுத்தும் பார்த்தேன்:

[வெள்ளைப் பவுடர் சாலையெங்கும் பரவ, அவளது வளையல் ஒன்று மட்டும் உருண்டு—]

இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

“என்னைச் சாகடிச்சிட்டீங்களா?”

“இலக்கியத்துக்காகம்மா. போட்டிக்கு அனுப்பலாம்.”

“பரிசு கிடைக்குமா?”

“ஆறுதல் பரிசு கிடைக்கலாம்.”

“ஆறுதல் பரிசுக்கெல்லாம் சாக முடியாது லா.”

“சரி, ஒரு கால் உடையட்டும்.”

“முழங்கையில சிராய்ப்பு. அதுக்கு மேல ஒண்ணும் தர மாட்டேன்.”

சிராய்ப்பில் முடித்தோம். அது உண்மையாகவும் இருந்தது என்பது தற்செயல். ஆனால் கவனியுங்கள், தன் உயிருக்கு மட்டும்தான் பேரம் பேசினாள். துணிக்கு இன்னும் பேசவில்லை.

4.

இப்போது வில்லன். அவள் கணவன் கமலநாதன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன்.

“வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். சனிக்கிழமை பெசி புரூக் லோரி வருது, தூக்கிப் போட்டுருவோம். நீ கிராப் கார் பிடிச்சுப் போ.”

பழைய இரும்பு வாங்கும் லோரி. ஒரு லோரி தவறவிட்டதை இன்னொரு லோரி வந்து எடுத்துப்போகும்!

பஞ்சவர்ணத்துக்கு அந்த வண்டி ஏன் வேண்டும்? விடியலுக்கு முன்னால் மணப்பெண் வீட்டில் இருக்க வேண்டிய தொழில். வண்டி இருந்தால், யாரையும் எழுப்பி, “என்னைக் கொண்டுபோய் விடுங்க,” என்று கேட்க வேண்டியதில்லை. டெங்கில், சுபாங் ஜெயா, எங்கே அழைத்தாலும் வருகிறேன் என்று சொல்ல அவள் ஒருத்தியின் அனுமதி போதும். அதுதான் சனிக்கிழமை இரும்பாகப் போக இருந்தது.

கடைசியில் கமலநாதன் ஒரு படி இறங்கினான்: சனிக்கிழமைக்குள் வண்டி சரியாகி, அவள் அதே சந்திப்பை அதில் கடந்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பெசி புரூக்.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இருபது வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு ஒரு கப்சாய்மேல் ஏன் இத்தனை கோபம்? [சிறுவயதில் அவனுடைய தந்தை ஒரு விபத்தில்—] அபத்தம். அவனுடைய அப்பா செந்தூலில் சௌக்கியமாக இருக்கிறார்.

5.

விடை, மோட்டார் பழுதுபார்க்கும் நிஜாமின் பட்டறையில் கிடைத்தது. நானும் போயிருந்தேன். கதைக்காக என்று சொல்லிக்கொண்டாலும் வேடிக்கை பார்க்கத்தான்.

நிஜாம் பின்சக்கரத்தின் அடியில் தலையை விட்டான். “அக்கா, இந்த பிரேக் கம்பி முனையில ஒரு நட் இருக்கணும். காணோம்.”

“காணோம்னா?”

“வழியில எங்கயோ இறங்கிட்டாரு.”

கமலநாதன் சுவரில் இருந்த நாள்காட்டியை வெகு ஆர்வமாகப் படித்தான். அது சீன நாள்காட்டி.

“ஏங்க,” என்றாள் பஞ்சவர்ணம். “நான் விழுறதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை பிரேக் லூசா இருக்குன்னு முடுக்குனது யாரு?”

“...நான்தான்.”

“எதால முடுக்குனீங்க?”

“கையால.”

“அங்கிள்,” என்றான் நிஜாம், “அது என்ன ஊறுகாய் பாட்டில் மூடியா?”

யாரும் சிரிக்கவில்லை. கமலநாதன் நாள்காட்டியிடமே சொன்னான்: “அந்த வண்டிய பாக்குறப்பல்லாம் என் கையதான் பாக்குறேன் பஞ்சு.”

என் வில்லன் அங்கே கழன்று விழுந்தான். உருக்கமாக ஒரு பத்தி எழுத நான் பேனாவைத் தேடினேன். பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள்:

“அப்ப கைய பெசி புரூக்ல போட்டுருவோமா?”

இப்போது எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை நீங்க பின்னால உக்காரணும். அதுதான் என் கடைசி விலை.”

6.

புது பிரேக் ஷூ, புது செயின், புது கேபிள் எல்லாம் நிஜாம் மாட்டினான். துருவைத் தேய்த்தது கமலநாதன். எல்லாம் முடிந்ததும் பஞ்சவர்ணம் தன் பெட்டியிலிருந்து சிவப்பு நகப்பாலிஷை எடுத்தாள். ஒவ்வொரு நட்டின்மேலும் வண்டியின் இரும்பையும் சேர்த்து ஒரு கோடு.

“கோடு விலகுனா நட் நகர்ந்துருச்சுன்னு தெரியும்ல?”

“மோட்டாருக்குக் கல்யாணமா அக்கா?”

“ஆமா லா. மாப்பிள்ளை பின்னால உக்காருறாரு.”

7.

சனிக்கிழமை நான் அங்கே இல்லை, கடையில் கூட்டம். ஆகவே இது கமலநாதன் சொன்னது. கடைக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நுழைந்து, ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் நடுவில் சொன்னது.

“சிவப்பு விளக்கு. மிதிச்சா பாருங்க அண்ணே! வெள்ளைக் கோட்டைத் தொடாம நின்னுச்சு. பக்கத்துல அதே மாதிரி கொள்கலன் லோரி. பச்சை விழுந்துச்சு. ஹோன் அடிச்சுட்டுக் கிளம்பினா. திரும்பிப் பாக்குறேன், லோரி ஒரு கட்டைக்குப் பின்னால கிடக்கு!”

கட்டை என்றால் மைல்.

“நீங்கதான் கண்ண மூடிட்டு இருந்தீங்களே,” என்றாள் பஞ்சவர்ணம்.

“பாதிதான் மூடினேன்.”

பயத்தில் இறங்கிய தூரம் வெற்றியில் ஏறுகிறது. மாலைக்குள் பூக்கடையில் அது இரண்டு கட்டை ஆகிவிடும். எது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. முழக்கோலை உங்களிடமே தருகிறேன், அளந்துகொள்ளுங்கள்.

இங்கே முடித்திருப்பேன். அதற்குள் அவள் மேசையில் கிடந்த பச்சைப் பட்டுத் துணியை எடுத்தாள். விலை சொன்னேன்.

“என்ன அண்ணே இது, கண்ணைத் தோண்டுற விலை! இது பட்டா, படுதாவா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொண்டால் கெட்டேன். “கட்டாதும்மா,” என்றேன்.

பாதி விலை கேட்டாள். நான் அசையவில்லை. துணியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறாள். வெளியே கப்சாய் உறுமிக்கொண்டிருக்கிறது. கமலநாதன் ஏற்கெனவே பின்சீட்டில். கூப்பிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். வாசலைத் தாண்டும் முன் திரும்புவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் எனக்கே நிச்சயமில்லை.

வாசலுக்கு இன்னும் மூன்று முழம்தான் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள், கூப்பிடட்டுமா?