மெத்தை கம்பெனியின் பீரங்கி

பீரங்கி தங்கள் அணிக்கு வரப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் கேப்டனுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது.

பெண்கள் வாலிபால் லீக்கில் அவளைப்போல் ஸ்மாஷ் அடிக்க வேறு ஆள் கிடையாது. அவள் அடித்த பந்தை முன்கையில் வாங்கியவர்களுக்கு மறுநாள் வரை சிவப்பு இறங்காது. பீரங்கி என்று பெயர் வைத்ததே எதிரணிக்காரிகள்தான். அப்பேர்ப்பட்டவள் சாம்பியன் அணியை விட்டுவிட்டு, புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து படித்தால்தான் சீக்கிரம் கண்ணில் படுகிற ஓர் அணிக்கு எதற்காக வர வேண்டும்?

போன வருஷம் வரை அந்த அணியை நடத்திய பைப் கம்பெனி, சொல்லாமல் கொள்ளாமல் கையை விரித்துவிட்டது. பயிற்சிக் கூடத்தில் பாதி விளக்கு எரியாது. ஷூ கிழிந்தால் அவரவர் காசில்தான் வாங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மெத்தை கம்பெனி வந்து, அணியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றது. புதுச் சட்டை, புது வலை, மாதம் தவறாத சம்பளம், அதற்கு மேல் பீரங்கி.

“இனிமே கோர்ட்ல தூங்குறீங்களான்னு யாரும் திட்ட முடியாது. அதுக்குத்தான் சம்பளமே குடுக்குறாங்க” என்றாள் சுண்டெலி. தரையோடு தரையாகப் பாய்ந்து பந்தைப் பொறுக்குகிற லிபரோ அவள். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

அவள் வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து என்று பணம் கேட்டு வருபவர்கள் நிஜமாகவே விழுந்தார்களா, விழுந்த மாதிரி நடிக்கிறார்களா என்று துருவுவதுதான் அவர் பிழைப்பு. சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிற மனுஷன். அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் விஷயத்தைச் சொன்னதும், கையில் எடுத்த தண்ணீர் தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“நல்ல பொருளை யாரும் சும்மா விட மாட்டாங்க. பழைய டீம் ஏன் விட்டாங்க?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

“அவளை ஒரு கண்ணு வச்சுக்கோ.”

கேப்டன் இரண்டு கண்ணையும் வைத்தாள்.

முதல் ஆட்டத்தில் பீரங்கி பேருக்கேற்றபடி வெடித்தாள். கேப்டன்தான் செட்டர், வருகிற பந்தை அடிக்க வாகாகத் தூக்கிக் கொடுப்பவள். அவள் தூக்கிய பந்தெல்லாம் எதிர்ப்பக்கத் தரையில் இடியாக இறங்கியது. ஐந்து செட்டில் முதல் இரண்டும் இவர்களுக்கே. மூன்றாவது செட்டில் என்ன ஆயிற்றோ, பீரங்கி அடிப்பதை நிறுத்திவிட்டாள். ஓடி வருவாள், எழும்புவாள், கடைசி நொடியில் பந்தை விரல் நுனியால் தள்ளிவிடுவாள். அது நேராக எதிராளியின் கைக்குப் போகும். கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

ஒரு முறை என்றால் போகட்டும் என்று விடலாம். அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. முதல் இரண்டு செட் பீரங்கி, அப்புறம் ஊமைப் பட்டாசு. யாரோ எங்கேயோ பந்தயம் கட்டி, இந்த செட்டோடு நிறுத்திக்கொள் என்று சொல்லி வைத்தாற்போல் இருந்தது.

கவனிக்கக் கவனிக்க, கண்ணில் பட்டதெல்லாம் உறுத்தியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், சுளுக்கும் அடியும் பார்க்கிற பிசியோ பீரங்கியை மட்டும் பந்துகள் வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். எவ்வளவு சொதப்பினாலும் கோச் அவளை மாற்றுவதில்லை. கேட்டால், “அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்மா” என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். மெத்தை கம்பெனியின் விளம்பர அதிகாரி, எல்லாருக்கும் ‘மேடம்’, முன்வரிசையில் உட்கார்ந்து பந்து எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் பீரங்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோற்றாலும் முகம் வாடுவதில்லை. தோற்கிற அணிக்குப் பணம் போட்டுவிட்டு இப்படிப் புன்னகையோடு எழுந்து போகிற கம்பெனி ஆளைக் கேப்டன் கண்டதில்லை.

“விலை போயிட்டாக்கா. வேற என்ன?” என்று சுண்டெலி காதைக் கடித்தாள். 

அடுத்த ஆட்டம் வெளியூரில். யார் யாரோடு தங்குவது என்று பிரித்தபோது, கேப்டன் தானாகவே பீரங்கியின் அறையைக் கேட்டு வாங்கினாள். கோச் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

காலையில் பீரங்கி குளிக்கப் போனாள். அவளுடைய போன் கட்டில் மேல் கிடந்தது. கேப்டன் வாழ்க்கையில் அடுத்தவர் பையைக்கூடத் திறந்து பார்த்தவளில்லை. இன்று கை தானாக நீண்டது. போனை எடுத்துத் திரையைத் தட்டிய அதே நேரம் குளியலறைக் கதவு திறந்தது.

அவள் போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஆனால் பீரங்கி அவளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பனியனில் தலை மாட்டிக்கொண்டு, முகம் முழுக்கத் துணி மூடியபடி நின்றாள். இடது கை மேலே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

“அக்கா, இருக்கீங்களா? கொஞ்சம் இழுத்து விடுங்களேன். மாட்டிக்கிச்சு.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கேப்டன் போனைப் போட்டுவிட்டுப் போய் துணியைப் பிடித்து, வலது கையை மேலே தூக்கினாள். தோள் உயரம்கூட வரவில்லை. துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்ட நாய்க்குட்டி அப்படிக் கத்தும்.

மெதுவாகக் கழற்றி எடுத்தபோது பீரங்கியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. 

“எத்தனை நாளா இப்படி?”

“போன சீசன் கடைசியிலேர்ந்து.” கட்டிலில் உட்கார்ந்தாள். “தோள்ல தசை கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணும்னாங்க. பண்ணா ஒரு வருஷம் வீட்ல இருக்கணும். பழைய டீம் அதைக் கேட்டதும் கழட்டி விட்டுட்டாங்க. பிசியோ ஊசி போடுறாரு. ரெண்டு செட் வரைக்கும் தாங்கும். அப்புறம் மரத்தது விட்டுடும்.”

“எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா உங்க எல்லாரோட சம்பளமும் போயிடும்னாரு கோச்.”

கேப்டனுக்குச் சுருக்கென்றது. “நான் உன்னை என்ன நெனச்சேன் தெரியுமா? காசு வாங்கிட்டு மேட்சை விக்கிறியோன்னு நெனச்சேன். இப்பக்கூட உன் போனைத்தான் நோண்டிட்டு இருந்தேன்.”

பீரங்கி கட்டிலில் கிடந்த போனைத் திரும்பிப் பார்த்தாள். “அதுல ஒண்ணும் இல்லக்கா. எங்கம்மா அனுப்புற சாமி படம்தான் இருக்கும்.”

அதற்குக் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று கேப்டனுக்குத் தோன்றியது.

கோச்சை ஹோட்டல் வாசலிலேயே பிடித்தாள். மனுஷன் எல்லாவற்றையும் கொட்டினார். “ஒவ்வொரு மேட்ச்லயும் அவ முதல் ஆறு பேர்ல இருக்கணும், கடைசி வரைக்கும் நிக்கணும். அதுதான் கம்பெனியோட ஒரே கண்டிஷன். உக்கார வச்சா அன்னைக்கே ஸ்பான்சர் கட். தோள் விஷயம் அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா நம்ம கதி என்னன்னு நீயே யோசி.”

“ஊசி போட்டுப் போட்டு அவ கையையே முடிச்சுடுவீங்களே.”

“எனக்கு மட்டும் ஆசையா?”

அவரை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அன்றைய ஆட்டத்தையும் தோற்றுவிட்டு வீடு திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

“வலிக்காதவன் வலிக்குதுன்னு நடிக்கிறதைத்தான் நான் இத்தனை வருஷமா பிடிச்சிட்டிருக்கேன். வலிக்கிறவ வலிக்கலைன்னு நடிக்கிறது எனக்கே புதுசு” என்றார். பிறகு தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. “ஆமா, கண்டிஷன் என்ன சொன்னே? நிக்கணும்னா, அடிக்கணும்னா?”

“நிக்கணும்னு.”

“அப்ப நிக்கட்டுமே.”

கேப்டன் அவரை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் பயிற்சிக் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு அணி முழுவதையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். சுண்டெலி எழுந்து போய் பீரங்கியின் காலடியில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது. பீரங்கியின் ஷூவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

யோசனை இதுதான். ஊசியை நிறுத்த வேண்டியது. பீரங்கி ஓடி வர வேண்டும், எழும்ப வேண்டும், அடிக்கக் கூடாது. அவள் எழும்பினால் எதிரணியில் குறைந்தது இரண்டு பேர் அவளைத் தடுக்க எழும்பியே தீருவார்கள். அந்தப் பெயர் அப்படி. அதே நொடியில் கேப்டன் பந்தை மறுபக்கம் கொடுத்துவிட்டால், அங்கே அடிப்பவளுக்கு வாசல் திறந்து கிடக்கும். சர்வீஸை மட்டும் இடது கையால் பழகிக்கொள்ள வேண்டும்.

லீக்கில் கடைசியாக வருகிற அணி வெளியே போய்விடும். மீதி இருந்தது ஒரே ஆட்டம். அதில் ஜெயித்தால் பிழைக்கலாம்.

அரங்கம் நிரம்பியிருந்தது. பீரங்கி முதல் சர்வீஸுக்கு இடது கையைத் தூக்கியதும் எதிரணி அரண்டுவிட்டது. புதிதாக ஏதோ வித்தை கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எல்லாரும் இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். பந்து வலையைத் தாண்டியதுமே அவர்களுக்கு முன்னால் சொத்தென்று விழுந்தது. கூட்டம் கத்தியது. சுண்டெலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் இரண்டு செட்டும் சொல்லி வைத்தபடி நடந்து இவர்கள் கைக்கு வந்தது. பீரங்கி எழும்புவாள், எதிரில் நான்கு கைகள் சுவராக எழும்பும், பந்து மறுபக்கம் இறங்கும். ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த கேப்டனும் லேசுப்பட்டவளில்லை. மூன்றாவது செட்டில் அவள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பீரங்கியின் வலது கையைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வை இந்தப் பக்கத்துக் கேப்டனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் தன் கண்ணில் இருந்ததும் அதுதான். சந்தேகப்படுவதைவிடச் சந்தேகப்படுகிற கண்ணுக்கு முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உள்ளங்கை வேர்த்துப் பந்து வழுக்கியது. மூன்றாவது செட் போயிற்று. நான்காவதும் போயிற்று.

ஐந்தாவதில் சமமாக இழுபறி. கடைசிக் கட்டத்தில் எதிர் கேப்டன் வாய்விட்டே கத்தினாள்.

“அவளை விட்டுடுங்க! அவ அடிக்க மாட்டா! அந்தப் பக்கம் போங்க!”

வலையோரம் நின்ற மூன்று பேரும் மறுபக்கம் ஓடினார்கள். பந்து கேப்டனின் விரல்களுக்கு வந்தபோது பீரங்கி வழக்கம்போல எழும்பியிருந்தாள். அவளுக்கு எதிரில் ஒரு கைகூட இல்லை. கேப்டன் யோசிக்கவில்லை, அவளுக்கே கொடுத்தாள். பீரங்கி இடது கையால் பந்தைத் தட்டினாள். அடி என்றே சொல்ல முடியாது. காலியாகக் கிடந்த மூலையில் அது நிதானமாக விழுந்து உருண்டது. அடுத்த பந்தை எதிரணி பதற்றத்தில் வெளியே அடித்தது. ஆட்டம் முடிந்தது.

கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். மேடம் முன்வரிசையிலிருந்து இறங்கி வந்து எல்லாருக்கும் கை கொடுத்தாள். புகைப்படக்காரன் அணியை வரிசையாக நிற்க வைத்தான். பீரங்கியை நடுவில் தூக்கிப் பிடிக்கலாம் என்று இரண்டு பேர் அவளை நெருங்கினார்கள். அப்போது மேடம் பதறிப்போய் கையை நீட்டினாள்.

“ஏய், பாத்து! வலது பக்கம் பிடிக்காதீங்க!”

கேப்டன் அப்படியே நின்றுவிட்டாள். கூட்டம் கலையும் வரை காத்திருந்து மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“எந்தப் பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேடம் அதே புன்னகையோடு சொன்னாள்: “தெரிஞ்சுதானேம்மா வாங்கினோம். நல்லா இருக்கிற பீரங்கியை எங்களால வாங்க முடியுமா? ஜனங்களுக்கு அவ முகம் தெரியும். எங்களுக்கு அது போதும்.”

“அப்ப ஊசி?”

“அதெல்லாம் உங்க கோச் பாத்துக்குற விஷயம்.”

“ஆபரேஷன் நீங்க பாத்துக்குற விஷயம்” என்றாள் கேப்டன். குரல் உயரவில்லை. “அதோ நிருபருங்க நிக்கிறாங்க. அவ ஏன் இடது கையால ஆடுனான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நான் இன்னும் பதில் சொல்லலை.”

“மிரட்டுறீங்களா?”

“கேக்குறேன், மேடம்.”

மேடத்தின் புன்னகை முதல்முறையாகச் சற்றுக் கலைந்தது. நிருபர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “சரி. நான் கம்பெனில பேசுறேன்” என்றாள். கேப்டன் நகரவில்லை. “இங்கேயே, இப்பவே பேசுங்க” என்றாள். மேடம் அங்கேயே நின்றபடி போன் பேசினாள்.

அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது, கம்பெனி செலவில். ஒரு வருஷத்துக்குப் பின் பீரங்கி திரும்பி வந்தாள். பழைய இடி இல்லை. பின்வரிசையில் நின்று பந்தை வாங்கக் கற்றுக்கொண்டாள்; அதிலும் கெட்டிக்காரியாகிவிட்டாள். பிசியோவை மாற்றிவிட்டார்கள்.

கோச்சிடம் மட்டும் கேப்டன் ஒரு நாள் கேட்டாள். “தோள் விஷயம் கம்பெனிக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா, சார்?”

“சத்தியமா தெரியாதும்மா” என்றார் அவர்.

அதை அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பந்தை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.