ஆற்றைத் தாண்டிய ஓய்வு

எங்கள் வெங்காயக் கொட்டகை ஸ்நேக் ஆற்றின் இந்தக் கரையில் ஒரேகானில் இருந்தது. முதலாளி அதை அந்தக் கரைக்கு, ஐடஹோவுக்கு மாற்றினார். பாலத்தில் நடந்தால் ஒரு சிகரெட் தீர்வதற்குள் போய்விடலாம். வெங்காயம் ஓடும் அதே பெல்ட், அதே தூசி, அதே ஆட்கள். ஓய்வு மணி மட்டும் எங்களோடு வரவில்லை.

ஒரேகானில் காலையும் மாலையும் பெல்ட் நிற்கும். அது அந்த மாநிலச் சட்டம். ஐடஹோவில் அப்படி ஒன்றும் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு விடுவதே முதலாளியின் தயவு என்று மேஸ்திரி வெண்டல் முதல் நாளே சொல்லிவிட்டான். யாராவது நடுவில் போனால் அவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆளையும் வீட்டுக்கு அனுப்பினான். வெண்டல் சொன்னதை நான் நம்பவில்லை. சர்க்காரையும் நம்புகிறவன் இல்லை.

நோரேலியாவுக்குக் கைக்குழந்தை. பெல்ட்டின் கடைசியில் நின்று அழுகலைப் பொறுக்குகிறவள் அவள். அந்தக் கைவேகம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. பழைய இடத்தில் மணி அடித்ததும் போய்த் தன் பாலை எடுத்துப் புட்டியில் வைத்துவிட்டு வருவாள். இங்கே வந்ததும் மார்பு கட்டிக் காய்ச்சல் கண்டது, பாலும் குறைந்தது. குழந்தைக்கு வேறு பால் ஒத்துக்கொள்ளவில்லை. கழிப்பறையில் ஒளிந்து எடுத்தாள். வெண்டல் கதவைத் தட்டினான்.

“வேலைய விட்டுடறேன் பெரியவரே,” என்றாள் என்னிடம்.

“நாளைக்கு விடு மவளே. இன்னைக்கு இவன ஒரு கேள்வி கேப்போம்.”

சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் வெண்டலிடம் போனேன். “சட்டம் இல்லேங்கிறியே, சர்க்கார் ஆபீசுக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல வையி, எல்லாரும் கேக்கட்டும்.”

“நான்தான் ஜெயிப்பேன், கெழவா.”

“ஜெயிச்சிட்டுப் போ. கதவச் சாத்திக்கிட்டுப் பேசினா நான் நம்பமாட்டேன்.”

மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் இல்லை என்றாள். வெண்டல் பல்லைக் காட்டிக்கொண்டு போனை வைக்கப் போனான். எதற்கான ஓய்வு என்று அவள் கேட்டாள். நோரேலியா குனிந்து, குழந்தைக்குப் பால் எடுக்க என்றாள்.

“அது மத்திய அரசுச் சட்டம்மா. கொழந்தைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் நேரம் குடுக்கணும். யாரும் எட்டிப் பாக்காத எடமும் குடுக்கணும். கக்கூஸ் ஆகாது.”

“இப்பத்தான ஐடஹோல இல்லேன்னீங்க?” என்றான் வெண்டல்.

“ஐடஹோ சட்டத்துல இல்லேன்னேன். ஐடஹோவும் இந்த நாட்டுலதான சார் இருக்கு?”

சந்தேகமிருந்தால் கேட்டுக்கொள்ள மத்திய அலுவலக எண்ணையும் கொடுத்தாள். வெண்டல் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

கொட்டகையில் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றுதான், வெண்டலின் அறை. மறுநாள் காலை நோரேலியா உள்ளே போய்த் தாழ் போட்டாள். மாற்று ஆள் இல்லையே, அவள் நின்ற இடத்தில் வெண்டலே நின்றான். அன்று போன லாரி அழுகலோடு திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அவள் உள்ளே போனால் பெல்ட்டை நிறுத்திவிடுகிறான். நாங்கள் மூட்டைமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறோம்.

குழந்தைக்கு எப்போது ஒரு வயது முடிகிறது என்று நேற்று அவளிடம் கேட்டான். கோடையில் என்றாள். அவன் முகம் தெளிந்தது.

பெல்ட்டின் மறுகோடியில் நிற்கும் பெட்ராவுக்கு இது நாலாம் மாதம். வெண்டலுக்கு இன்னும் தெரியாது.