ஈரச் சட்டையும் தாழ்ப்பாளும்

ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று சொல்வதற்குக்கூடத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது எனக்குக் கேம்ப் ரோடு ஜூஸ் கடையில்தான் தெரிந்தது.

'ஈரத் தீக்குச்சி' என்று ஒரு இசைக்குழு. காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்த நாலு பையன்கள். அழ வேண்டிய இடத்தில் கத்துவார்கள், கத்த வேண்டிய இடத்தில் அழுவார்கள். இந்த வகைப் பாட்டுக்கு எமோ என்று பெயர். ஒன்பது பாட்டோடு 'தாழ்ப்பாள்' என்று ஒரே ஆல்பம். அதில் 'ஈரச் சட்டை' மட்டும் எஃப்எம்மில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை டாப் டென்னில் ஒரே ஒரு வாரம், ஒன்பதாவது இடம். அவ்வளவுதான் அவர்கள் பார்த்த புகழ். இப்போது பாடகன் கனடா போகிறான். சனிக்கிழமை சேலையூரில் கடைசிக் கச்சேரி. ஹாலில் கொடுத்த நேரத்தில் கடைசியாக ஒரு பாட்டுக்குத்தான் இடம் மிச்சம்: 'ஈரச் சட்டை'யா, ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான 'தாழ்ப்பாளா'? ரசிகர்களே கைதூக்கி முடிவு செய்யட்டும் என்று வாட்ஸ்அப் குழுவிடம் விட்டுவிட்டார்கள்.

அதற்காகத்தான் ஏழு பேர் கூடியிருந்தோம். எனக்கு 'ஈரச் சட்டை' வேண்டும். டிகிரி முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். உட்கார ஸ்டூல் கிடையாது. காலையிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கடை ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வரும். எவனோ ஒருத்தன் எனக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். நான் சிரித்த முகத்தோடு நைட்டி மடித்துக்கொண்டிருப்பேன். அதை ஒரு முறையாவது நேரில் கேட்க வேண்டும். அவன் கனடா போய்விட்டால் முடிந்தது.

"ஜீவிதா, நீங்க எஃப்எம் வழியா வந்தவங்க, இல்ல?" என்றான் பிரசன்னா. குழுவின் அட்மின். "தப்பா எடுத்துக்காதீங்க. ரேடியோவுக்காக வெட்டுன எடிட்ல ரெண்டாவது சரணமே கிடையாது. நீங்க முக்கால் பாட்டுக்குத்தான் ஃபேன்."

"அந்த முக்கால் போதும். மிச்சத்துல அவன் மூக்குதான் உறிஞ்சுறான்."

ஏஞ்சல் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். என்னைக் குழுவில் சேர்த்தவள் அவள்தான்.

"ஆல்பம் முழுசா கேட்டிருக்கீங்களா?"

"கேட்டேன். ஒன்பது பாட்டும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழறதுதான். எங்க வீட்ல தாழ்ப்பாள் இருக்கறது பாத்ரூமுக்கு மட்டும். அங்க கொஞ்சம் கூட நேரம் அழுதா வெளிய இருந்து தட்டுவாங்க."

"அது மெட்டஃபர்ங்க."

"உங்களுக்கு."

கை தூக்கினால் மூணுக்கு மூணு என்று எல்லோருக்கும் தெரியும். ஏழாவது ஆள் குமரேசன். மறைமலை நகரில் கார் பார்ட்ஸ் கம்பெனி. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். வந்ததுமே ஏஞ்சலிடம் என்னைக் காட்டி, "எனக்கு ரெண்டும் ஓகேம்மா. தங்கச்சி ஆசைப்படுதுல்ல, சட்டைக்கே தூக்கிர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

பிரசன்னாவுக்கு அது தெரியாது. "'ஈரச் சட்டை' ஹிட் ஆனதே ஒரு அசிங்கம். நாங்க எவ்ளோ ஃபைட் பண்ணோம் தெரியுமா? தினம் எஃப்எம்முக்கு போன் போட்டு, ஈரத் தீக்குச்சியோட 'தாழ்ப்பாள்' போடுங்கன்னு கேட்டோம். குமரேசன் அண்ணால்லாம் கம்பெனி பஸ்ல இருந்தே ட்ரை பண்ணாரு."

"ஆமாம்மா." அதுவரை ஸ்ட்ராவால் ஐஸைக் கிண்டிக்கொண்டிருந்த குமரேசன் நிமிர்ந்தார். "பஸ்ல கீற பசங்க போனெல்லாம் வாங்கி வாங்கிப் போட்டேன். ஒரு நாள் லைன் கெடச்சு என் பேரக்கூட ரேடியோல சொன்னாங்க."

"பாட்டைப் போட்டாங்களா?" என்றேன்.

"எங்க? ஏழு நிமிசப் பாட்டாம், முடியாதாம். சட்டையப் போட்டுட்டாங்க."

"தினமுமா?"

"தினமும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ அதை ஹிட் ஆக்குனதே நீங்கதான். எத்தனை பேர் கேக்கறாங்கன்னு பார்த்துத்தான டாப் டென்ல ஏத்துவாங்க? நீங்க தீக்குச்சி தீக்குச்சின்னு கேட்கக் கேட்க அவங்க சட்டையை ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. அறிவு இருக்கறவன் ரெண்டாவது நாளே நிறுத்தியிருப்பான். நீங்க பஸ் முழுக்கப் போன் வாங்கி முட்டாள்தனம் பண்ணியிருக்கீங்க."

பிரசன்னாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் காது சிவந்தது. அதைப் பார்க்க அத்தனை சுகமாக இருந்தது. வேறு யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

"கையத் தூக்குங்க," என்றான். 'ஈரச் சட்டை'க்கு மூன்று கை. 'தாழ்ப்பாள்' என்றதும் குமரேசனின் கைதான் முதலில் மேலே போனது.

வெளியே பைக்கை எடுத்துக்கொண்டிருந்தவரை மறித்தேன். "அண்ணா, நான் உங்களச் சொல்லல."

"போன் வாங்குனது யாரு? நான்தான?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "என் பேரு வந்த அன்னிக்கு மொத்த பஸ்ஸும் கை தட்டுச்சு. அதப் போயி இன்னான்னு சொல்லிட்ட நீ."

"அதுக்குப் பாட்டைக் கெடுப்பீங்களா?"

"கெடுக்கல. நீ புடிச்சதுக்குத் தூக்கின, நானும் புடிச்சதுக்குத் தூக்கினேன்."

மன்னிப்பு கேட்டிருக்கலாம். எனக்கு வரவில்லை. பைக் போய்விட்டது.

"சனிக்கிழமை வருவியா?" என்றாள் ஏஞ்சல்.

"வருவேன். முன்னாடியே நின்னு ஏழு நிமிஷமும் காதைப் பொத்திப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. 'ஈரச் சட்டை'க்குத் தூக்கிய மூன்று கைகளில் ஒன்று அவளுடையது.