மறுபடியும் முதல் பாடம்

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் முதல் பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோப்புகளைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, அழிப்பது எல்லாம் கைவந்த வேலை. அதற்கு மேல் ஒரு படி ஏறலாம் என்று தேடினால்தான் வம்பு. கிடைப்பதில் பாதி, திரும்பவும் ஆனா ஆவன்னாவில் கொண்டுபோய் விடும். மீதி, "இதெல்லாம் உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்து அவளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விடும்.

ஒருமுறை கூச்சத்தை விழுங்கிக்கொண்டு இணையக் குழு ஒன்றில், அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டாள். "கையேட்டைப் படி" என்று ஒருவர் எழுத, கூட இருந்தவர்கள் சிரித்து வைத்தார்கள். கேள்வியை அழித்துவிட்டாள். அதிலிருந்து எங்கே முட்டினாலும் புது வீடியோ தொடர் ஒன்றைத் திறந்து முதல் பாடத்தில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே மட்டும்தான் அவள் கெட்டிக்காரி.

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவளுக்கு எவன்டி வேலை தருவான்? அத்தான் கால்ல விழாத குறையா கேட்டிருக்காரு. இதையும் கோட்டை விட்டே, காலம் பூரா ஜெராக்ஸ் கடைதான்," என்றாள் அக்கா, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே. இன்று நேர்காணல் நடக்கும் அலுவலகத்தில்தான் அத்தான் கார் ஓட்டுகிறார்.

சர்வர் அறை குளிரில் விறைத்தது. பொறுப்பாளர் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் நிரம்பி வெப்சைட் படுத்துடுச்சு. பழகறதுக்கு வெச்சிருக்கற மெஷின்தான், பயப்படாதே. எழுப்பு பாக்கலாம்."

தேடினாள். ஊதிப் பெருத்த பதிவுக் கோப்பு ஒன்று அகப்பட்டது. அப்பாடா என்று அழித்தாள். இடம் எவ்வளவு என்று பார்த்தாள். இம்மியும் கூடவில்லை.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் மேடம்."

"அப்புறம் இடம் எங்க போச்சு?"

மறுபடியும் இடத்தைப் பார்த்தாள். அதே எண்தான்.

"ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வெச்சிருக்கு. நீ அழிச்சது பேரைத்தான். அது கையை விட்டாத்தான் இடம் திரும்பும். எந்தப் புரோகிராம்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

விரல்கள் தெரிந்ததைத்தான் அடித்தன. கோப்புப் பட்டியல் பளிச்சென்று வந்தது. அந்தக் கோப்பு அதில் இல்லை.

இதையெல்லாம் எங்கே படிப்பது மேடம்? கேள்வி தொண்டை வரை வந்தது. பதில் தெரிந்த ஒரு மனுஷி, வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சிரித்துவிட்டால்?

"நான் போகட்டுமா மேடம்?" என்றாள்.

கீழே அத்தான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, கலக்கிட்டியா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தாள். புதுத் தொடர் ஒன்று வந்திருந்தது. முதல் பாடம்: லினக்ஸ் என்றால் என்ன? பாடம் நடத்துகிறவர் வாய் திறக்கும் முன்பே அவள் உதடுகள் பதிலை முணுமுணுத்தன. ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.