மருத்துவப் பரிசோதனை தேவையில்லை

காப்பீட்டு நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், புது விண்ணப்பங்களுக்கான நாற்காலியில் அவளை உட்கார வைத்தது அன்று ஒரு நாளைக்கு மட்டும்தான். வழக்கமாக அங்கே இருப்பவளுக்கு வாய் ஓயாது. அதனாலேயே 'ரேடியோ' என்று பெயர். முந்தின நாள் கடைவாய்ப்பல் பிடுங்கியதில் ரேடியோ விடுப்பில் போய்விட்டது.

"ஒரு நாள்தானேம்மா, சமாளிச்சுடு," என்றார் மேற்பார்வையாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எல்லோருடைய அழைப்பையும் ஒட்டுக்கேட்பதுதான் அவர் வேலை. ஆண்பிள்ளை என்றாலும் அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மாமியார்'. "கேள்வி எல்லாம் திரையில வரும். வரிசையா படி. பதிலை மட்டும் நீயா எடுத்துக் குடுத்துடாத."

அவளுடைய வழக்கமான வேலை வேறு. தவணை கட்ட மறந்தவர்களை அழைத்து, அவர்கள் எரிந்து விழுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நினைவூட்ட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இந்த நாற்காலி சொகுசாகவே இருந்தது. அழைத்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் தொடங்கியிருந்த புதுத் திட்டத்தைப் பற்றியே கேட்டார்கள். மருத்துவப் பரிசோதனை தேவையில்லாத ஆயுள் காப்பீடு. ரத்தம் எடுக்க மாட்டார்கள், எடை பார்க்க மாட்டார்கள். தொலைபேசியில் சில கேள்விகள், அவ்வளவுதான்.

"ஊசி நிஜமாவே கிடையாதா?" என்று ஒரு லாரி ஓட்டுநர் கேட்டார். "மலை ரோட்டுல பிரேக் இல்லாம வண்டி ஓட்டியிருக்கேன் மேடம். ஊசின்னா மட்டும் ஆகாது. சிரிக்காதீங்க, என் சம்சாரம் ஏற்கெனவே இங்க உருண்டு சிரிச்சிக்கிட்டிருக்கா."

அவள் சிரித்துவிட்டாள். கூண்டுக்குள் மாமியார் தலை நிமிர்ந்தது. சட்டென்று குரலைச் சரிசெய்துகொண்டாள்.

மதிய உணவுக்குச் சற்று முன்னால் அடுத்த அழைப்பு வந்தது.

"வணக்கம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?"

மறுமுனையில் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"மேடம்... டெஸ்ட் எதுவும் எடுக்காம குடுக்கற பாலிசி இருக்காமே, அது விஷயமா..."

அது அவள் கணவன்.

லிஃப்ட் மெக்கானிக் அவன். அவள் முதன்முதலில் கேட்டதே அவன் குரலைத்தான். வேலை தேடி அலைந்த காலத்தில் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் பாதியில் நின்று, இருட்டில் அவள் அழுதுகொண்டிருந்தபோது, சுவரில் இருந்த சின்ன ஒலிபெருக்கி பேசியது. "அழாதீங்க. கயிறு பலமா இருக்கு, நான் அதைவிட பலமா இருக்கேன்." அந்தக் குரலை நம்பித்தான் ஆறு மாதத்தில் கழுத்தை நீட்டினாள்.

இப்போது அதே குரல், முகம் இல்லாமல், காதுக்குள். எவ்வளவு கிழிந்திருந்தது அது! வீட்டில் தினமும் கேட்கிற குரல்தான். கரகரவென்று ஆனபோது கேட்டாள். "லிஃப்ட் குழிக்குள்ள ஒரே தூசிடி," என்றான். ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றபோது கேட்டாள். "வயசாச்சுல்ல, பல்லுக்கு ரிடையர்மெண்ட்," என்றான். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளும் விட்டுவிடுவாள். இங்கே சிரிப்பு தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் எதையோ உரசிக்கொண்டு வெளியே வருவது மட்டும் கேட்டது.

பேசுவது யார் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. இந்தப் பிரிவில் மனைவி இருக்கமாட்டாள் என்று நம்பி அழைத்தவன். வைத்துவிடுவான் என்று காத்திருந்தாள். வைக்கவில்லை.

உறவினர் அழைத்தால் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மாற்றினால், முன்பின் தெரியாத ஒருத்தி கேள்விகளைப் படிப்பாள், அவன் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பான், முடிந்துவிடும். 'ஏங்க, நீங்களா?' என்று கேட்டாலோ சிரித்து மழுப்புவான். மேடமாகவே இருந்து கேட்டால் அது நடக்காது.

"சில கேள்விகள் கேட்கலாமா சார்?"

"கேளுங்க மேடம்."

வயதைக் கேட்டாள். தொழிலைக் கேட்டாள். புகை, மது. அவளுக்குத் தெரிந்த பதில்களை அவள் கேட்கக் கேட்க அவன் சொன்னான். பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி வந்தது.

"சம்சாரத்துக்கு. அவளுக்கு அப்புறம் எங்க பொண்ணுக்கு."

"உங்க மனைவிக்கு இந்தப் பாலிசி பற்றித் தெரியுமா சார்?"

அது திரையில் இல்லாத கேள்வி.

"தெரியாது. தெரிஞ்சா திட்டுவா. கொஞ்சம் கோவக்காரி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். "மருத்துவர் யாராவது உங்களுக்கு ஏதேனும் பரிசோதனை எழுதிக் கொடுத்து, அதை நீங்கள் இன்னும் செய்துகொள்ளாமல் இருக்கிறீர்களா?"

மறுமுனையில் இயந்திர உறுமல்கூட நின்றிருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இல்லைன்னு போட்டுக்குங்க மேடம்."

"என்ன டெஸ்ட் சார்?"

"அதான் இல்லைன்னு சொல்றேனே."

"என்ன டெஸ்ட்டுன்னு கேக்கறேன்."

நீண்ட மூச்சு ஒன்று விட்டான். "தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணும்னு ஒரு கிளினிக்ல சொன்னாங்க. போகல."

மேசை விளிம்பை அவள் பிடித்துக்கொண்டாள். கூண்டுக்குள் மாமியார் காதில் இருந்த கருவியை அழுத்திக்கொள்வது தெரிந்தது. இருக்கட்டும்.

"டெஸ்ட்டே வேண்டாங்கற பாலிசிதானே மேடம் இது? அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"டெஸ்ட் வேண்டாம்னா, பார்க்கவே மாட்டாங்கன்னு அர்த்தம் இல்ல சார். இப்ப பார்க்க மாட்டாங்க. உங்களுக்கு ஏதாவது..." வார்த்தை இடறியது. "ஏதாவது ஆனதுக்கு அப்புறம் பார்ப்பாங்க. கிளினிக் சீட்டைத் தேடி எடுப்பாங்க. இல்லைன்னு நீங்க சொன்னது இந்தப் பதிவுல இருக்கும். உங்க மனைவி கையில ஒண்ணும் வராது."

"ஓ."

அந்த 'ஓ' மிகச் சின்னதாக இருந்தது. நம்பி ஏறிய படி காலடியில் இல்லாமல் போனதுபோல.

"கேள்வியே கேக்காத பாலிசி இல்லையா மேடம்?"

"இருக்கு. தொகை கம்மி, தவணை ஜாஸ்தி. நோயால இறந்தா முதல் ரெண்டு வருஷத்துக்கு முழுப் பணம் கிடைக்காது. கட்டின பணம் மட்டும்தான் திரும்பி வரும்."

"ரெண்டு வருஷமா?" அவன் யோசித்தான். "அவ்வளவு நாள் தாங்குமான்னு தெரியல மேடம். நேத்து எச்சில்ல ரத்தம் வந்துச்சு."

காப்பீட்டுக்காரியின் குரல் அதோடு அவளை விட்டுப் போய்விட்டது.

"எங்க இருக்கீங்க?"

"மேடம், பதிவாகுது."

"ஆகட்டும். எங்கங்க இருக்கீங்க?"

"ஜவுளிக் கடை லிஃப்ட்டுல. அழாதடி. பக்கத்துல ஆளுங்க இருப்பாங்க."

"அங்கயே இருங்க, நான் வரேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவள் காதுக்கருவியைக் கழற்றியபோது மாமியார் எதிரே நின்றிருந்தார். "பாலிசி கேட்டு வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறியேம்மா, யாரு அது?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார்.

"என் வீட்டுக்காரர் சார்."

கையை நீட்டிக் காதுக்கருவியை வாங்கிக்கொண்டு, அவளுடைய நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். "நீ போம்மா. நான் படிக்கிறேன் கேள்வியை. போ."

கேமரா விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று, மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திருப்பி வைத்துப் பேனா முனையால் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். பேச்சில் சுற்றி வளைக்கவில்லை.

"முதல்ல உங்களுக்கு எழுதிக் குடுத்தப்பவே வந்திருந்தா, இந்த இடத்தை மட்டும் எடுத்திருப்போம். இப்ப கழுத்துக்குக் கீழயும் இறங்கியிருக்கு. சிகிச்சை இருக்கு, இல்லாம இல்ல. கஷ்டமான சிகிச்சை. எவ்வளவு தூரம் கொண்டுபோகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

வெளியே வராந்தாவில் நீளமான இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாருடைய குழந்தையோ தண்ணீர் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஏன் போகல?" என்றாள். கத்த வேண்டும் என்று இருந்தது, கத்த முடியவில்லை. "தூசி தூசின்னு என்கிட்ட கதை அளந்தீங்களே. அவங்க சொன்ன மறுநாளே போயிருந்தா என்ன?"

அவன் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கிரீஸ் கறையைச் சுரண்டினான்.

"விடு. இப்ப அதைப் பேசி என்ன?"

"சொல்லுங்க."

"நீ வருத்தப்படுவ."

"இதுக்கு மேல என்னங்க வருத்தப்பட?"

"கிளினிக் போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது நீ ஆபீஸ் கதை சொன்ன. டெஸ்ட் எடுக்காத பாலிசி ஒண்ணு எங்க கம்பெனியில வரப்போகுது, தேதி தள்ளித் தள்ளிப் போகுதுன்னு. ரேடியோவுக்குப் பயிற்சி குடுக்கறாங்கன்னு சிரிச்ச. எனக்கு அது சாமி அனுப்பின மாதிரி இருந்துச்சுடி. கேமரா விட்டு, அதுதான்னு சொல்லிட்டா அப்புறம் ஒருத்தனும் பாலிசி தரமாட்டான். அது வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாம், கையெழுத்துப் போட்ட மறுநாள் போய்த் தொண்டையைக் காட்டலாம்னு நினைச்சேன். உங்க கம்பெனி அது இதுன்னு இழுத்துட்டே இருந்துச்சு."

அவளுக்கு அந்த இரவு நினைவில் இல்லை. ஆபீஸ் கதை தினமும் சொல்வாள். கரண்டியை ஆட்டிக்கொண்டு, வாயில் சாப்பாட்டோடு, அவன் கேட்கிறானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் சொல்வாள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் இத்தனை நாள் வலியை விழுங்கியிருக்கிறான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். "அந்தக் கேள்வி அதுல இருக்கும்னு நான் அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"கேட்டா கண்டுபிடிச்சிடுவியேன்னுதான்."

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிரீஸ் அவள் புடவையில் ஒட்டியது. துவைத்தால் போகாது என்று இருவருக்குமே தெரியும். அவன் கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"எனக்கு எதுக்குங்க அந்தப் பணம்?"

"உனக்குத் தெரியாது. நான் இல்லாம..."

"பேசாதீங்க."

பேருந்தில், பெண்ணுக்கு எப்படிச் சொல்வது, இன்று சொல்வதா, பரீட்சை முடியட்டுமா என்று வழியெல்லாம் அவள் மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக் கலைத்துக்கொண்டு வந்தாள். தெருமுனையில் திரும்பும்போது, "நான் பார்த்துக்கறேன், நீங்க பேசாம உள்ள போய்ப் படுங்க," என்றாள்.

கதவைத் திறந்த மகளின் கையில் பென்சில் இருந்தது, கன்னத்தில் கரி இருந்தது.

"வாங்க தவளையாரே!" என்றாள். அப்பாவின் குரல் தடித்த நாளிலிருந்து அவள் வைத்த பெயர் அது. "இன்னிக்கும் பாலும் ரொட்டியும்தானா? ரெண்டு பேரும் ஜோடியா எங்க ஊர் சுத்திட்டு வரீங்க?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரோம்மா. அப்பாவுக்குத் தொண்டையில கட்டி. நல்ல கட்டி இல்ல."

தூசி இல்லை, பல் இல்லை, சிரிப்பு இல்லை. அவன் வாயால் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, இது விளையாட்டு என்று அம்மா சொல்லிவிடுவாள் என்பதுபோல அவளைப் பார்த்தாள். பென்சிலை மகள் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் உன்னைத் தவளைன்னு கூப்பிட்டேனேப்பா," என்றாள். "இவ்வளவு நாளா..."

"நல்லாத்தானே இருந்துச்சு." அவன் குனிந்து அவள் கன்னத்துக் கரியைக் கட்டைவிரலால் துடைத்தான், அதில் கிரீஸும் சேர்ந்துகொண்டது. "அப்படியே கூப்பிடு. எங்க, ஒரு தடவை கூப்பிடு பார்ப்போம்."

மகள் வாயைத் திறந்தாள். கூப்பிட வரவில்லை.