ஆர்மெலின் இடுக்கி

வியாழக்கிழமை மாலையே சண்டை தொடங்கிவிட்டது. கார்ப் பந்தயம் என்னவோ சனிக்கிழமை நாலு மணிக்குத்தான். ஆனால் லெ மான்ஸில் சண்டை போடுவதற்குப் பந்தயம் தொடங்கட்டும் என்று யார் காத்திருக்கிறார்கள்? பந்தயப் பாதை வளைகிற அர்னாஜ் முனையின் கம்பிவேலி ஓரத்தில் கூடாரத்தின் கடைசி முளையை அடித்து முடிப்பதற்குள் ரெஜிஸ் வாயைத் திறந்துவிட்டான்.

"மாமா, உங்க சொர்வான் வண்டிக்கு எஞ்சின் மாட்டிட்டாங்களா? போன வாரம் வரைக்கும் வந்து சேரலைன்னு கேள்வி."

ஆர்மெல் அடுப்பில் கரியைப் பரப்பினார். ரெஜிஸ் அவர் மனைவி ஓதிலின் தம்பி. நகரத்தில் கார் ஷோரூம் வைத்திருக்கிறான். சொர்வானைத் தவிர எல்லாக் கம்பெனிக் காரும் விற்பான். ஆர்மெலோ முப்பது வருஷமாகச் சொர்வானைத் தவிர வேறு கார் வாங்கியதில்லை. நாலு சொர்வான் வாங்கி, நாலையும் தெருவில் இறங்கித் தள்ளியிருக்கிறார். அந்தக் கம்பெனி இந்த வருஷம் முதன்முறையாக இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்துக்கு வருகிறது. மனிதர் ஜனவரியிலிருந்தே புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"ஒன்பது மணி நேரம்! அதுக்கு மேல அந்த வண்டி ஓடினதே இல்ல," என்றான் ரெஜிஸ், சுற்றியிருந்த கூடாரங்களுக்கும் கேட்கிற மாதிரி. "சோதனை ஓட்டத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினாங்களாம். அப்புறம் கிளம்பவே இல்லையாம்."

"எந்தக் கம்பெனியா இருந்தாலும் முதல் வருஷம் தோக்கத்தான் செய்யும் மாப்ள. கத்துக்கத்தானே வர்றாங்க."

"தோக்குறதுக்கும் ஒரு தயாரிப்பு வேணும் மாமா. இவங்க இன்னும் தோக்கவே தயாராகல."

வேலியோரம் பெரிய சிரிப்பு கிளம்பியது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரிவோன் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இருபத்தாறு வருஷமாகக் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு வண்டியின் சுற்றையும் கையால் குறித்து வருகிறாள். அந்த முகாமில் பெரிய திரையே தப்பாகக் காட்டினாலும் மரிவோன் நோட்டுத் தப்பாது.

"நேத்து ஹார்டுவேர் கடையில சொர்வான் மெக்கானிக் ரெண்டு பேரைப் பாத்தேன்," என்றாள். "ஒட்டுற டேப் வாங்கிட்டிருந்தாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பெட்டியோட."

"முன்யோசனை!" என்றார் ஆர்மெல்.

அதற்கு எழுந்த சிரிப்பில்தான் அவருக்கு ரோஷம் வந்தது. ரோஷத்தில் பேசியதுதான் வம்பு. "எழுதி வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை என் வண்டி கொடி வாங்கும்," என்றார்.

"வாங்கலைன்னா?"

"என்ன வேணும் உனக்கு?"

ரெஜிஸ் யோசிக்கவே இல்லை. அடுப்பின் மேல் கிடந்த நீள இடுக்கியைக் காட்டினான். "அது."

விஷயம் தெரியாதவர்களுக்கு அது வெறும் சாசேஜ் திருப்புகிற இடுக்கி. ஆர்மெலுக்கு அப்படி இல்லை. வீட்டில் ஓதில் சொன்னதுதான் சட்டம். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தோரு வருஷமாக அடுத்தவன் எழுதியதன் மேல் முத்திரை குத்துகிறார். ஆனால் வருஷத்தில் இந்த நாலு நாள், பதினைந்து பேர் தட்டை ஏந்திக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். "ஆர்மெல், ஆயிடுச்சா?" என்பார்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று அவர் சொன்னால் முணுமுணுக்காமல் ரெண்டு நிமிஷம் நிற்பார்கள். வேறெங்கும் அவர் சொல்லுக்கு யாரும் ரெண்டு வினாடி நின்றதில்லை. அது கையைவிட்டுப் போய்விடுமே என்று அவருக்கு நிஜமாகவே பயம். வாய் மட்டும் "சரி" என்றது.

மரிவோன் எழுதினாள். ஞாயிறு நாலு மணிக்கு மேல் சொர்வான் தன் சொந்த எஞ்சினில் கோட்டைத் தாண்டி, பந்தய முடிவில் ஆட்டுகிற கட்டம் போட்ட கொடியை வாங்க வேண்டும். எத்தனையாவது இடம் என்பது பேச்சில்லை. வாங்காவிட்டால் இடுக்கி இனி எல்லா வருஷமும் ரெஜிஸுக்கு. வாங்கினால் ரெஜிஸின் ஷோரூம் வாசலில் ஒரு வருஷத்துக்குச் சொர்வான் கொடி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை சொர்வான் அழகாகத்தான் கிளம்பியது. நீல நிறத்தில் பளபளவென்று முனையைத் திரும்பிப் போனபோது ஆர்மெலுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு பட்டறைக்குள் போனது, வந்தது, போனது. ஒவ்வொரு முறை வரும்போதும் உடம்பில் டேப் கூடிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மரிவோன் நோட்டில் அந்த வண்டியின் வரிசை பாதியில் நின்றுபோயிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தய வானொலியில், சொர்வான் பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

ஆர்மெல் இடுக்கியைத் துணியில் துடைத்து ரெஜிஸிடம் நீட்டினார்.

"நாலு மணிக்குத்தான் கணக்கு," என்றாள் மரிவோன்.

"பரவால்ல அக்கா. வச்சுக்கட்டும்."

ரெஜிஸ் வாங்கிக்கொண்டான். சாசேஜை நிமிஷத்துக்கு நாலு தடவை திருப்பினான், குத்தினான், கொழுப்பையெல்லாம் கரியில் ஒழுகவிட்டான். ஆர்மெல் பார்க்கச் சகிக்காமல் வேலிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மூணே முக்காலுக்கு வானொலிக்காரர் கத்தினார். சொர்வான் ஷட்டர் மேலே போகிறதாம்!

அர்னாஜில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நொண்டி வண்டியைக் கடைசி வரை பட்டறையில் படுக்கவைத்து, முடிகிற நேரத்துக்கு வெளியே அனுப்பி, ஒரே ஒரு சுற்று உருட்டிக் கொடி வாங்க வைப்பது இங்கே பழைய வித்தை. நாலு மணிக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் மட்டும் கொடி கிடையாது, இன்னொரு சுற்று வர வேண்டும். பழந்தின்று கொட்டை போட்ட அணிகள் அதற்கு வினாடிக் கணக்குப் பார்த்துத்தான் அனுப்பும்.

சொர்வான் ஊர்வலத் தேர் போல மெதுவாக முனையைத் தாண்டிப் போனது. ஆர்மெல் எழுந்து நின்றார். மரிவோன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் விட்டுட்டாங்களே பாவிங்க!"

அப்படியே ஆயிற்று. மூணு ஐம்பத்தெட்டுக்கு வண்டி கோட்டைத் தாண்டியது. இரண்டு நிமிஷம்! ஐந்நூறு பேர் வேலை செய்கிற கம்பெனியில் ஒருவனுக்குக் கூடக் கடிகாரம் இல்லையா? இன்னும் ஒரு முழுச் சுற்று, பதிமூன்றரைக் கிலோமீட்டர் பாக்கி. ரெஜிஸ் அடுப்பில் முழங்கையை ஊன்றாத குறையாகச் சிரித்தான்.

நாலு மணிக்கு ஜெயித்த வண்டி கொடி வாங்கியது. மற்ற வண்டிகளும் வாங்கின. பாதை காலியாகி, சத்தமெல்லாம் அடங்கியபின், தனியாக, இருமிக்கொண்டு சொர்வான் வந்தது. சரியாக அர்னாஜ் முனையில், அவர்கள் கண்ணுக்கு நேராக நின்றுபோனது.

ஓட்டுநர் கதவைத் திறந்து, ரேடியோவும் செத்துவிட்டது என்று காதைத் தட்டிக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் இருநூறு நிபுணர்கள் பிறந்துவிட்டார்கள்.

"கியரை நியூட்ரல்ல போடு!"

"பெட்ரோல் இருக்கான்னு பாருய்யா!"

"பின்னாடி ஓங்கி ஒரு உதை விடு!"

ஆர்மெல் வண்டி நின்ற தினுசைப் பார்த்தார். விளக்குகள் மூன்று தடவை மினுக்கி அணைந்ததைப் பார்த்தார். இதை அவர் சூப்பர்மார்க்கெட் வாசலில் பார்த்திருக்கிறார், மாமியார் சாவுக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறார். கம்பிவேலியின் மேல் ஏறினார். ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஏறக்கூடாது.

"எல்லாத்தையும் அணைச்சிடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "மொத்தத்தையும்! கையை எடு! நூறு எண்ணு! அப்புறம் போடு!"

"என்ன மாமா இது, மந்திரமா?" என்றான் ரெஜிஸ்.

"சொர்வான்டா! தொண்ணூறுல போட்டா வராது. நூறு!"

ஓட்டுநர் அவரைப் பார்த்தார். வேறு வழியும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்தார். "ஒண்ணு! ரெண்டு!" என்று ஆர்மெல் தொடங்கினார். பத்துக்குள் அவர்கள் முகாம் சேர்ந்துகொண்டது. முப்பதில் மொத்த வேலியும் எண்ணியது. அறுபதில் பாதைக் காவலர்கள் கொடியை ஆட்டிக்கொண்டு எண்ணினார்கள். எண்பதில் ஓட்டுநர் அவசரப்பட்டுக் கையைக் கொண்டுபோக, இருநூறு பேர் ஒரே குரலில் "வேண்டாம்!" என்று அலறினார்கள்.

நூறு. எஞ்சின் செருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஆர்மெலைக் கட்டிப்பிடித்தார்கள்.

எல்லோரும் வானொலிக்கு ஓடினார்கள். கடைசி வளைவுகளை வண்டி நடைபோட்டுக் கடந்தது. அப்போது வானொலிக்காரர் சொன்னார்: "கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக்கிட்டு மேடையிலேருந்து இறங்கிட்டிருக்காரு..."

"ஏறுடா மேல!" என்று ஒரு குரல் வானொலியைப் பார்த்து வெடித்தது. "எங்கடா போற? வண்டி வருது, கண்ணு தெரியல? விரிடா கொடியை, கழுதை!"

ரெஜிஸ்தான். கழுத்து நரம்பு புடைத்து, இடுக்கியை வானத்தில் ஆட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"ஏறிட்டாரு!" என்றது வானொலி. "விரிச்சிட்டாரு! சொர்வான்... கோட்டைத் தாண்டிடுச்சு!"

சுற்றுகள் போதாது என்று அதிகாரப்பூர்வப் பட்டியலில் சொர்வானின் பெயரையே போடவில்லை. மரிவோன் நோட்டில் போட்டாள், கீழே கோடும் இழுத்தாள். "கொடி வாங்கிடுச்சு," என்றாள். முடிந்தது வழக்கு.

"நூறு வரைக்கும் நீயும் எண்ணினே மாப்ள. நான் பாத்தேன்," என்றார் ஆர்மெல்.

"கூட்டத்தோட வாயில வந்துடுச்சு," என்று முனகிக்கொண்டே ரெஜிஸ் இடுக்கியை நீட்டினான். 'இன்னிக்கு நீயே வச்சுக்கோ' என்று பெருந்தன்மை காட்ட வேண்டிய இடம் அது. ஆர்மெலுக்கும் தெரியும். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் அடுப்பைப் பார்த்தார். நூறு எண்ணி, வானொலிக்கு ஓடி, கொடிக்காரனைத் திட்டி முடிப்பதற்குள் இருபத்துநாலு சாசேஜும் கரியோடு கரியாகியிருந்தன. எது அடுப்புக்கரி, எது பன்றிக்கறி என்று தொட்டால்தான் தெரியும். பின்னால் பதினைந்து பேர் தட்டோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆளாக ரெஜிஸ்.

"ஆயிடுச்சா மாமா?"

ஆர்மெல் நிதானமாக ஒரு கரித்துண்டைத் திருப்பிப் போட்டார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றார்.

எல்லோரும் நின்றார்கள்.