தலை கவிழாத நெல்

அன்புக்கரசியின் ஒன்றரை ஏக்கரில் விளையும் நெல்லுக்கு எடை கிடையாது. அது தொடங்குவதற்கு முன் நடந்த கடைசிச் சாதாரண விஷயம், அவள் கணவர் ராஜாங்கம் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் தராசின் மேல் ஏறி நின்றதுதான். விலை ஏறட்டும் என்று வீட்டில் அடுக்கி வைத்திருந்த முப்பத்தாறு மூட்டைச் சம்பா நெல்லை அன்று நிறுத்துப் போட்டுவிட்டார். தராசு காலியாகக் கிடக்கிறதே என்று செருப்போடு அதில் ஏறினார். மூட்டை தூக்கும் பச்சமுத்து, "யோவ் ராஜாங்கம், ஈரப்பதம் எவ்ளோன்னும் பாத்துடலாமா?" என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜாங்கமும் சிரித்துக்கொண்டே இறங்கி, மகளுக்கு அரைக் கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு வீடு வந்தார். அது மாசி மாதம். நான்கு நாள் கழித்து, நவரைப் போகத்துக்கு நட்டிருந்த நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மும்முனை மின்சாரம் நிற்கும்வரை மோட்டார் ஓடியதால், அன்று வயலுக்குத் தேவைக்கு மேலேயே தண்ணீர் பாய்ந்துவிட்டது.

காரியம் முடிந்து அன்புக்கரசி வயலுக்குப் போனபோது பயிர் பச்சை பிடித்திருந்தது. களை எடுத்தாள், உரம் போட்டாள், யாரும் குறை சொல்லும்படி எதையும் விடவில்லை. பயிர் பூத்தது, பால் பிடித்தது, முற்றிப் பழுத்தது. ஆனால் கதிர் தலை கவிழவில்லை. சுற்றிலும் எல்லார் வயலிலும் நெல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய ஒன்றரை ஏக்கர் மட்டும் கோரை மாதிரி நிமிர்ந்து நின்றது. பக்கத்து ஒன்றரை ஏக்கர்க்காரன், ராஜாங்கத்தின் தம்பி தேவேந்திரன், வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "பதரு அண்ணி. அத்தனையும் பதரு" என்றான். பிறகு ஒரு நெல்லை உரித்துக் கடித்தவன், சற்று நேரம் மென்றுகொண்டே நின்றான். "அரிசி இருக்குது. முழுசா இருக்குது. அப்புறம் எதுக்கு இப்டி நிமிந்து நிக்குது?" என்று அவளையே கேட்டான். அறுவடை மிஷின் ஓட்டி வந்தவனுக்கு வேறு குறை. தொட்டி நிறைந்த பிறகும் நெல் குழாய் வழியாக இறங்கவில்லை என்று துடைப்பத்தால் தள்ளி இறக்கினான். மணி நேரத்துக்கு வாடகை என்பதால் அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

கமிட்டியில் முதல் மூட்டையைத் தூக்க வந்தவர் பச்சமுத்து. முப்பது வருடப் பழக்கத்தில் குனிந்து, மூச்சடக்கி, எழுபத்தைந்து கிலோவுக்கு உண்டான எக்கு எக்கினார். மூட்டையோடு பின்பக்கமாகப் போய் மல்லாந்து விழுந்தார். மார்பின் மேல் முழு மூட்டை கிடந்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தராசில் வைத்தபோது அறுநூறு கிராம் காட்டியது. அது சாக்கின் எடை. தராசை அணைத்துப் போட்டார்கள், வேறு தராசுக்கு மாற்றினார்கள், படிக்கல்லை வைத்துச் சோதித்தார்கள். தராசுகள் எல்லாம் சரியாக இருந்தன. முப்பத்தாறு மூட்டைக்கும் சாக்குகளின் எடையே வந்தது. வியாபாரிகள் கைநிறைய அள்ளிப் பார்த்தார்கள், தேய்த்துப் பார்த்தார்கள், பல்லில் கடித்தார்கள். மணி திரட்சி, நிறம், காய்ந்த பதம் எதிலும் பழுது இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் அன்றைய உயர்ந்த விலையையே சீட்டில் எழுதினார். ஆனால் எந்த விலையை எழுதினாலும் பெருக்கி வந்தது ஒன்றுமில்லை. பச்சமுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, "வூட்டுக்கு எடுத்துனு போ தாயி. எல்லாரும் பாக்கிறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். பத்துப் பத்து மூட்டையாகத் தலையில் வைத்து அவரே வண்டியில் ஏற்றினார். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விதையில் கோளாறு என்றார்கள். அதே விதையைப் போட்ட நான்கு பேருக்கு நெல் மூட்டை மூட்டையாகக் கனத்தது. தண்ணீர் என்றார்கள். அதே கிணற்றில்தான் தேவேந்திரனும் இறைத்தான். வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்தவர் மண்ணை நான்கு மூலையிலும் நடுவிலும் தோண்டி எடுத்துப் போனார். மணிச்சத்து மத்திமம், சாம்பல்சத்து அதிகம் என்று மண் பரிசோதனை அட்டை வந்தது. நெல்லையும் அரைக் கிலோ அனுப்பச் சொன்னார்கள். அரைக் கிலோவை எப்படி நிறுப்பது என்று தெரியாமல் அவள் ஒரு பை நிறையக் கட்டி அனுப்பினாள். மாதிரி வந்து சேரவில்லை என்று பதில் கடிதம் வந்தது. வீட்டில் மூட்டைகள் காற்றுக்கு நகர்ந்து போகாமல் இருக்க மேலே அம்மிக்கல்லையும் பழைய மோட்டாரையும் தூக்கி வைத்தாள். மேல்காற்று வீசும் நாட்களில் கதவைச் சாத்தியே வைத்தாள்.

அடுத்த சம்பாவும் நிமிர்ந்தே நின்றது. அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து நிலங்களில் கல் நட்டுக் கலர்க் கொடி கட்டிவிட்டார்கள். மனை போடுகிறவர் தேவேந்திரனிடம் வந்து, அண்ணன் பங்கும் சேர்ந்தால்தான் வாங்குவேன், ரோட்டு முகப்பு அதில்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். தேவேந்திரன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் இரண்டு பெண்கள். அண்ணி முன்னால் வந்து உட்கார்ந்தவன், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தான்.

"அண்ணன் இருந்தா இந்தப் பேச்சே எடுக்க மாட்டன் அண்ணி. எடையில்லாத நெல்ல வெச்சினு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"அடுத்த போகம் பாக்கலாம் தேவேந்திரா."

"போன போகமும் இதான் சொன்னீங்க. நவரை அறுப்பு வரைக்கும் மனைக்காரர நிக்க சொல்றன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவன் போன பிறகு அன்புக்கரசி கணக்குப் போட்டாள். நவரை அறுக்க நான்கு மாதம் இருந்தது. மகள் நிலாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிய மூன்று மாதம். நிலம் போனால் கைக்குப் பணம் வரும், அது இரண்டு வருடத்தில் தீரும், அப்புறம் அவள் யார் வயலில் போய் நிற்பது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

எழுபது மூட்டை நெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசி பொங்குவது அவளுக்கு உறுத்தியது. ஆனால் எடையில்லாத அரிசியைத் தின்றால் உடம்பில் என்ன ஒட்டும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே நிலாவுக்கு ரேஷன் அரிசியும் தனக்கு நிலத்து அரிசியுமாக இரண்டு பானையில் பொங்கினாள். சோற்றுக்குத் தண்ணீரின் எடை மட்டும் இருந்தது. ருசி நன்றாகவே இருந்தது, பசியும் அடங்கியது. அடங்கியது போல மனசுக்குத் தோன்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு, தினமும் மத்தியானம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பத்தாம் நாள் நிலா கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாம்மா, உனக்கு மட்டும் தனியா பொங்கினு இருக்க?"

"ரேஷன் அரிசி எனக்கு ஒத்துக்கல."

"பொய் சொல்லாத. நம்ம நெல்லுதான அது? இத தின்னா நான் பறந்துடுவன்னு பயமா உனக்கு?"

அன்புக்கரசிக்கு அந்தப் பயம்தான். நிலா தட்டை எடுத்து அந்தப் பானையிலேயே போட்டுக்கொண்டு, மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். "நைனா நட்ட வயலு. எனக்கு வோணும்" என்றாள். அதற்கு மேல் அவளைத் தடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை அன்புக்கரசி மகளை ரேஷன் கடைக்கு அழைத்துப் போய்த் தராசில் நிறுத்தினாள். முதல் தடவை நாற்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம். அடுத்த தடவை நாற்பத்து மூன்று. அதற்கடுத்து நாற்பத்திரண்டு நானூறு. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நிலா, "கைய வுடும்மா, வளையல் நசுங்குது" என்று சிணுங்கினாள். அன்புக்கரசி மறுபடி இரண்டு பானை வைத்தாள். பிள்ளை தூங்கும்போது போர்வையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகினாள். நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தாள். ஆற்றில் கால் நனைக்கப் போகாதே, மாடியில் துணி காயப்போடாதே என்று சொல்ல ஆரம்பித்தாள். நிலாவோ ரேஷன் சோற்றுப் பானையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பரீட்சை முடிந்து பத்து நாள் கழித்துத் தராசில் நாற்பத்து நான்கு காட்டியது. கடைக்காரப் பெண், "பரீட்ச டென்ஷன்ல எளச்சிருந்துது, இப்ப தேறிடுச்சி. இதுக்குப் போயி மூணு மாசமா என் தராச தேச்சிட்டியே எக்கா" என்று கேலி செய்தாள். அன்புக்கரசி அங்கேயே ஒரு எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அந்த அரிசியை விற்கலாம் என்று அவளுக்கு அன்றுதான் தைரியம் வந்தது. எப்படி விற்பது என்று சொன்னது நடவு ஆட்களைக் கூட்டி வரும் பவுனம்மாள். நவரைக் கதிர் வழக்கம்போல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஏம்மா அன்பு, நிறுத்து விக்கிறவனுக்குத்தான எட வோணும்? அளந்து விக்கிற சாமானா பாத்து வில்லேன். பூவ எவனாவது நிறுத்தா தரான்? பொரிய நிறுத்தா தரான்?" பொரி படிக் கணக்கில்தான் விற்கும். பவுனம்மாளின் மாமியார் வீட்டார் பொரி வறுத்தவர்கள். நெல்லை அவித்துக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரிசியாக்கி, உப்புத் தண்ணீர் தெளித்துப் புரட்டி, வாணலியில் மணலைச் சிவக்கக் காயவைத்து அதில் கொட்ட வேண்டும் என்று அவளே நின்று காட்டினாள். உப்பு ஏறியதும் அரிசிக்கு உப்பின் எடை மட்டும் வந்தது. சூட்டு மணலில் விழுந்ததும் பொரி கூரை வரை எழும்பியது. மேலே கொசுவலையைக் கட்டி, வலையிலிருந்து கூடையால் அரித்து எடுத்தார்கள். மணலே இல்லாத சுத்தமான பொரி அப்படித்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

முதல் மூன்று சாக்குப் பொரியை மேல்மலையனூருக்கு அமாவாசைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் எலுமிச்சம்பழக்காரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஸ்பெஷல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு அம்மா நான்கு படி கேட்டாள். அன்புக்கரசி தலை தட்டி அளந்து பையில் கட்டிக் கொடுத்தாள். பையைக் கையில் வாங்கியவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள், அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்தாள். தேவேந்திரன் கொடுத்த தவணை முடிய அப்போது ஆறு நாள்தான் இருந்தது. "நல்லா லேசா இருக்குதே" என்றாள் அந்த அம்மா. "போன வாட்டி ஒருத்தன் நமுத்துப்போனத கட்டிக் குடுத்துட்டான். இன்னும் ரெண்டு படி போடு." பொழுது சாய்வதற்குள் சாக்குகள் காலியாகிவிட்டன.

தேவேந்திரன் மனைக்காரரை அழைத்து வந்த அன்று வாசலில் கொசுவலை கட்டியிருந்தது. உள்ளே பொரி எழும்பி இறங்கிக்கொண்டிருப்பதை இருவரும் நின்று பார்த்தார்கள். அன்புக்கரசி இருவருக்கும் ஆளுக்கு ஒரு படி கொடுத்து, நிலம் தரவில்லை என்று சொன்னாள். தேவேந்திரன் அந்த வருடம் தன் பங்கை முகப்பு இல்லாமலேயே குறைந்த விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, செஞ்சியில் வாடகைக்கு வண்டி ஓட்டப் போனான். அண்ணியோடு அவன் சகஜமாகப் பேச ஒன்றரை வருடம் ஆனது. நிலா நர்சிங் படிக்கப் போனாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா கேட்பதற்கு முன்பே தன் எடையைச் சொல்லிவிடுவாள். அனந்தபுரத்துக் கடைகளுக்கும் பொரி போக ஆரம்பித்தது. வேளாண்மை ஆபீஸ் பதிவேட்டில் அவள் நிலத்துக்கு நேராக மட்டும் மகசூல் படியில் எழுதப்பட்டது. புதிதாக வந்த அலுவலர்கள் முதல் வருடம் ஏன் என்று கேட்டார்கள், இரண்டாம் வருடம் கேட்கவில்லை. அன்புக்கரசிக்கு இப்போது வேறு பயம். ஒவ்வொரு போகமும் கதிர் பழுக்கும் நாட்களில் விடியும் முன்பே வரப்புக்குப் போய்விடுகிறாள். ஏதாவது ஒரு கதிர் தலை கவிழ ஆரம்பித்திருக்கிறதா என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். இதுவரை எதுவும் கவிழவில்லை.

அமாவாசைதோறும் அவள் டவுன் பஸ்ஸில் மேல்மலையனூர் போகிறாள். பெண்களுக்குப் பஸ் இலவசம் என்பதால் அவளுக்குக் காசு இல்லை, மூட்டைகளுக்கு மட்டும் உண்டு. ஒரு தடவை அவள் மூட்டையைச் சுண்டுவிரலால் தூக்கிக் காட்டி, இதுக்கு இன்னா வெயிட்டு இருக்குதுன்னு லக்கேஜ் போடறீங்க என்று சண்டை பிடித்தாள். கண்டக்டர் எச்சில் தொட்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "வெயிட்டு இல்லன்னா இன்னாம்மா, எடத்த அடைக்குதுல்ல?" என்றார். மூட்டைக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் வீதம் இன்றும் வாங்கிக்கொண்டுதான் போகிறாள்.